புத்தக அறை மாடியிலா, கீழேயா?

கேள்வி: ஏற்காட்டில் சரிவான இடத்தில் நூலகமும் சமுதாயக் கூடமும் ஒரே கட்டடமாக வரப்போகிறது. புத்தக அறையை எங்கே வைப்பது?

பதில்: கீழே. வீட்டுத் தளத்துக்குச் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ பாரம் கணக்கு; புத்தக அடுக்கறைக்கு 600 கிலோ. மாடிக்கு ஏற்றினால் கம்பிச் செலவு எகிறும்.

ஆனால் மலையை வெட்டிய பக்கத்துச் சுவரை ஒட்டி அலமாரி கூடவே கூடாது. மழையில் மண் ஊறிக் கசியும்போது, சுவர்ப்பக்கம் இருக்கும் அட்டைகளில்தான் முதலில் பூஞ்சை பூக்கும். முன்னால் நின்று பார்த்தால் தெரியாது. தடுப்புச் சுவரைத் தனியாக எழுப்பி, நீர் வடியத் துளை விட்டு, அதற்கும் கட்டடச் சுவருக்கும் நடுவே ஒரு மீட்டர் இடைவெளியில் வடிகால் ஓட்டுங்கள். அலமாரி சுவரிலிருந்து அரை அடி தள்ளியே நிற்கட்டும். அடித்தட்டும் தரையிலிருந்து அரை அடி உயரம்.

கூடம் மாடியில் இருக்கலாம். நாற்காலி இழுக்கும் சத்தம் கீழே இறங்கும் என்பதால் அதன் அடியில் வாசிப்பு அறை மட்டும் வேண்டாம்.