பத்துக்குப் பத்து அறையில் தையல் மெஷினை எப்படிப் போடுவது, சாமான்களை எங்கே வைப்பது?

முதலில் ஜன்னலைப் பாருங்கள். வலது கைக்காரர் என்றால் வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்து வரட்டும். இல்லாவிட்டால் கை நிழல் ஊசிமேலேயே விழும். மெஷினைச் சுவரோடு ஒட்டிப் போடாதீர்கள். தைக்கத் தைக்கத் துணி பின்னால் போகும், மிச்சம் இடப்பக்கம் குவியும். ஸ்கிரீன் துணி தைத்துப் பார்த்தால் தெரியும்.

வெட்டுவதற்கு 36 அங்குல உயர மேசை கிடைத்தால் இடுப்பு பிழைத்தது. இடமில்லையா, தரையில் விரித்து வெட்டுங்கள். கட்டில் மட்டும் வேண்டாம், மெத்தை அமுங்கி அளவு கோணலாகிவிடும்.

பாபின் (அடிநூல் சுற்றும் சின்ன உருளை), ஊசி, சாக்பீஸ், ஹூக் எல்லாம் உள்ளே இருப்பது தெரிகிற டப்பாக்களில், கைக்கெட்டும் தூரத்தில். துணிக் கத்தரிக்கோலை மட்டும் ஒளித்து வையுங்கள். வீட்டில் யாராவது அதில் பால் பாக்கெட் வெட்டுவார்கள். அயர்ன் பாக்ஸ், எழுந்து நாலு எட்டு வைக்கிற தூரத்தில் இருக்கட்டும். முதுகுக்கு நல்லது.