வியாசோன் பாடிய ஹாண்டல் ஆல்பம் பற்றி ஏன் இத்தனை சண்டை? கேட்கலாமா?

கேள்வி இதுதான்: டெனர் (உயர்ந்த ஆண் குரல்) பாடகர் ரோலாண்டோ வியாசோன் பாடிய, 18-ஆம் நூற்றாண்டு இசையமைப்பாளர் ஹாண்டலின் ஆரியாக்கள் (ஓபராவில் வரும் தனிப்பாடல்கள்) அடங்கிய ஆல்பத்தைச் சிலர் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள், சிலர் பாதியிலேயே நிறுத்திவிட்டதாகச் சொல்கிறார்கள். பரோக் ஓபராவுக்கு (சுமார் 1600 முதல் 1750 வரையிலான இசை நாடகத்துக்கு) புதியவர்கள் இதில் தொடங்கலாமா?

தாராளமாகத் தொடங்கலாம். ஆனால் முதல் பாட்டிலிருந்து வரிசையாகக் கேட்காதீர்கள். எந்தப் பாட்டை முதலில் கேட்டார் என்பதை வைத்தே ஒருவர் எந்தக் கட்சி என்று சொல்லிவிடலாம் என்பது என் அனுபவம்.

முதலில் ஆளைப் பற்றிக் கொஞ்சம். வியாசோன் 1972-இல் மெக்சிகோ நகரத்தில் பிறந்தவர். 2005-இல் சால்ஸ்பர்க் விழாவில் அன்னா நெட்ரெப்கோவுடன் வெர்டியின் லா ட்ராவியாட்டா ஓபராவைப் பாடியதில் உலகம் முழுக்கத் தெரிய வந்தார். கறுத்த, கனமான, சூடான குரல். உணர்ச்சியை ஒளித்து வைக்கவே தெரியாத மனிதர். வெர்டி, டோனிசெட்டி போன்றோரின் 19-ஆம் நூற்றாண்டு இத்தாலிய ஓபரா ரசிகர்களின் செல்லப்பிள்ளை. 2006-இல் எம்மானுவேல் ஹைம் நடத்த, ஆரம்பகால பரோக் இசையமைப்பாளர் மொன்டெவெர்டியைப் பாடிப் பதிவு செய்திருந்தார் என்றாலும், பரோக் போன்ற பழைய இசையிலேயே ஊறியவர்கள் யாரும் அவரைத் தங்களில் ஒருவராக எண்ணவில்லை. அப்படிப்பட்டவர் 2009-இல் டாய்ச்ச கிராமஃபோன் நிறுவனத்துக்காக, பால் மெக்ரீஷ் நடத்தும் கேப்ரியெலி இசைக்குழுவுடன் ஒரு முழு ஹாண்டல் ஆல்பம் கொண்டுவந்தார். அந்தக் குழுவோ அந்தக் காலத்து வாத்தியங்களை, அந்தக் காலத்து முறையில் வாசிப்பவர்கள். மோதல் அங்கேயே தொடங்கிவிட்டது.

நேரமும் சரியில்லை. 2007-இல் சில மாதங்கள் பாடாமல் ஒதுங்கியிருந்தார். 2009-இல் குரல்வளையில் இருந்த ஒரு கட்டிக்காக அறுவை சிகிச்சை செய்துகொண்டார். ஆல்பம் கடைக்கு வந்ததும் ஏறக்குறைய அதே சமயம். அதனால் பாதிப் பேர் ஹாண்டலைக் கேட்கவில்லை, குரலில் எங்கே விரிசல் என்று தேடிக்கொண்டிருந்தார்கள் என்பது என் சந்தேகம். இன்று கேட்பவருக்கு அந்தத் தொல்லை இல்லை.

சரி, சண்டைக்கு வருவோம். எதிர்க்கட்சி வாதம் கிட்டத்தட்ட இதுதான்: குரலில் அதிர்வு அதிகம், சொற்களை விம்மி விம்மிப் பாடுகிறார், வேகமான பிருகாக்களில் ஸ்வரங்களுக்கு நடுவே ‘ஹ’ ஒலி நுழைகிறது, ஹாண்டலை, உணர்ச்சி கொப்பளிக்கும் பிற்கால ஓபராக்காரர் புச்சினியாக்கிவிட்டார். ஆதரவாளர்கள் சொல்வது: பரோக் பாடகர்கள் பலர் சுத்தமாகப் பாடுகிறார்கள், ஆனால் உள்ளே யாரும் குடியில்லை. இவர் பாடும்போதுதான் மேடையில் ஒரு மனிதன் நிற்கிறான். எங்கள் வீட்டிலேயே இரண்டு கட்சியும் உண்டு. சர்ச் பாடகர் குழுவில் பாடும் என் தம்பிக்கு ஆங்கில டெனர் மார்க் பேட்மோர் குரல்தான் வேதம். வியாசோனைப் போட்டால், “ஏண்ணா இவரு எல்லாத்துக்கும் அழுவுறாரு?” என்பான்.

இரண்டு பக்கமும் சரிதான், ஆனால் வேறு வேறு பாட்டுகளைப் பற்றி. பலர் கவனிக்காமல் விடுவது இதைத்தான். இந்த ஆல்பத்தில் இரண்டு விதமான பாடல்கள் கலந்து கிடக்கின்றன. ஒரு பகுதி, ஹாண்டல் டெனர் குரலுக்கென்றே எழுதியது. இன்னொரு பகுதி காஸ்ட்ராட்டோக்களுக்கு எழுதியது. குரல் உடையும் முன்பே சிறு வயதில் விதை நீக்கப்பட்டு, பெண் குரலின் உயரத்தில், வளர்ந்த ஆணின் மூச்சு பலத்தோடு பாடியவர்கள் அவர்கள். 18-ஆம் நூற்றாண்டு இத்தாலிய ஓபராவில் கதாநாயகன் பெரும்பாலும் காஸ்ட்ராட்டோதான். டெனருக்குக் கிடைத்தது அப்பா, அரசன், வில்லன் வேடங்கள். நாயகனின் பாட்டை இன்றைக்கு ஒரு டெனர் பாட வேண்டுமென்றால் ஒரு ஸ்தாயி கீழே இறக்கித்தான் பாடியாக வேண்டும்.

இறக்கினால் என்ன ஆகிறது என்பதற்கு ஆல்பத்திலேயே நல்ல உதாரணம் ‘ஷெர்சா இன்ஃபிதா’. அரியோதாந்தே ஓபராவில் காதலி துரோகம் செய்துவிட்டாள் என்று நம்பி நொறுங்கிப்போனவன் பாடுவது. 1735-இல் லண்டன் கோவென்ட் கார்டனில் ஜியோவான்னி கரெஸ்தினி என்ற காஸ்ட்ராட்டோ பாடினார். வயலின்களுக்கு ஒலியடக்கி மாட்டியிருக்கும். கீழ்த் தந்திகளை வில் இல்லாமல் விரலால் மீட்டுவார்கள். நடுவில் ஒரு பஸ்ஸூன் (தாழ்ந்த ஒலியுள்ள ஊதுவாத்தியம்) தனியாகப் புலம்பும். குரல் மேலே தொங்க, பஸ்ஸூன் கீழே நடக்க, இரண்டுக்கும் நடுவே இருக்கும் அந்த வெற்றிடம்தான் பாட்டின் உயிர். டெனர் பாடும்போது குரல் நேராக பஸ்ஸூன் இருக்கும் இடத்துக்கே இறங்கி வந்துவிடுகிறது. இரண்டு பேரும் ஒரே அறையில் நின்று அழுகிறார்கள். வியாசோன் உருக்கமாகத்தான் பாடுகிறார், அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஹாண்டல் கட்டி வைத்த இடைவெளி போய்விட்டது. இதை யார் பாடினாலும், எவ்வளவு பரோக் பயிற்சி இருந்தாலும், டெனரென்றால் இதே கதிதான். 1997-இல் வந்த மின்கோவ்ஸ்கி நடத்திய முழுப் பதிவில் அன்னே சோஃபி வான் ஓட்டர் என்ற பாடகி பாடியதைக் கேட்டுவிட்டு இதைக் கேளுங்கள், நான் சொல்வது உடனே புரியும்.

‘டோப்போ நோட்டே’ இன்னும் மோசம். அதே ஓபராவின் கடைசிப் பகுதியில், இருட்டு விலகிச் சூரியன் வந்துவிட்டது என்று துள்ளும் பாட்டு. தாளத்தில் எடுப்பு தள்ளித் தள்ளி விழும். மேலும் கீழுமாகப் பெரிய தாவல்கள், நீள நீளமான பிருகா ஓட்டங்கள். கரெஸ்தினியின் வித்தையைக் காட்டவே செய்த பாட்டு என்று கேட்டாலே தெரியும். இதில் வியாசோனின் குரல் கனம் அவருக்கே எதிரி. ஓடுகிறார், ஓடி முடிக்கிறார், ஆனால் அந்த ஓட்டத்தில் சந்தோஷத்தைவிட உழைப்புதான் அதிகம் கேட்கிறது. என் தம்பி கட்சிக்கு இங்கே முழு வெற்றி.

செர்ஸே ஓபராவின் ‘ஓம்ப்ரா மாய் ஃபூ’ பற்றி மட்டும் ஒரு வார்த்தை. டெனர் இதைத் தொடலாமா என்று கோபப்படுபவர்கள், புகழ்பெற்ற டெனர் காருசோ 1920-இலேயே இதைப் பதிவு செய்திருப்பதை மறந்துவிடுகிறார்கள். 1738-இல் கஃபரெல்லி என்ற காஸ்ட்ராட்டோவுக்காக எழுதியதுதான், அந்த ஓபரா அப்போது ஓடவும் இல்லை. ஆனால் பிற்காலத்தில் இது எல்லாருடைய சொத்தாகிவிட்டது. பாரசீக அரசன் ஒரு மரத்தின் நிழலைப் பார்த்துப் பாடும் எளிமையான மெட்டு, எந்த ஸ்தாயியிலும் உட்காரும். வியாசோன் கொஞ்சம் அதிகமாகவே காதலிக்கிறார் அந்த மரத்தை. போகட்டும்.

இப்போது மறுபக்கம். இதற்காகத்தான் ஆல்பத்தைக் கேட்கச் சொல்கிறேன்.

1724-இல் ஹாண்டல் டமெர்லானோ எழுதினார். ஜூலையில் சுமார் மூன்றே வாரத்தில் முழு ஓபராவும் முடிந்துவிட்டது. அதன் பிறகு இத்தாலியிலிருந்து ஃபிரான்செஸ்கோ பொரோசினி என்ற டெனர் லண்டன் வந்து சேர்ந்தார். தைமூரிடம் சிறைப்பட்ட துருக்கி சுல்தான் பாஜசெட் வேடம் அவருக்கு. அதே வேடத்தை 1719-இல் ரெஜியோ எமிலியாவில் காஸ்பரினியின் ஓபராவில் ஏற்கெனவே பாடியவர். வந்த கையோடு அந்த இசைப் பிரதியையும் கொண்டுவந்தார். அதைப் பார்த்த ஹாண்டல், முடிந்த வேலையைத் திரும்பப் பிரித்தார். பாஜசெட்டின் பகுதிகளை பொரோசினியின் தாழ்ந்த குரலுக்கு ஏற்ப இறக்கினார், சுல்தான் விஷம் குடித்து மேடையிலேயே சாகும் காட்சியைச் சேர்த்தார். அந்தச் சாவில் முழு ஆரியா எதுவும் கிடையாது. வசனமும் பாட்டும் துண்டு துண்டாக வருகின்றன: மகளைத் தேற்றுகிறான், எதிரியைச் சபிக்கிறான், மூச்சு அறுந்து அறுந்து வாக்கியங்கள் முடியாமலே நிற்கின்றன. டெனர் என்றால் ஓரமாக நிற்கும் ஆள் என்றிருந்த காலத்தில் இது சாதாரண விஷயமில்லை.

பொரோசினியின் குரல் ஏறக்குறைய பாரிடோன் (டெனரைவிடத் தாழ்ந்த ஆண் குரல்) பக்கம் சாய்ந்தது. கறுத்தது. ஆளும் நடிகர். இந்த வர்ணனையை இன்னொரு தடவை படித்துவிட்டு, நம் மெக்சிகோக்காரரை நினைத்துப் பாருங்கள். ‘ஃபோர்த்தே எ லியெத்தோ’வில், மகள் மேல் பாசம் மட்டும் இல்லாவிட்டால் தைரியமாகச் செத்துப்போவேன் என்று பாஜசெட் சொல்லும்போது, வியாசோனின் அந்த விம்மல் வெளியிலிருந்து ஒட்டியதாகத் தெரியவில்லை. ஒரு கர்வம் பிடித்த கிழவன் தன் அழுகையைத் தானே வெறுப்பதுபோல் கேட்கிறது. ‘சியெல் எ தெர்ரா’வில் கோபம் நிஜக் கோபம். அழகாகப் பாட வேண்டும் என்ற கவலையே இல்லை, இருக்கவும் கூடாது.

அதைவிடவும் எனக்குப் பிடித்தது ரோடெலிண்டா ஓபராவின் மூன்றாம் அங்கம். 1725, இதுவும் பொரோசினிக்காகத்தான். மிலான் அரியணையைத் திருடிய க்ரிமோல்டோவுக்குக் காதலும் இல்லை, நிம்மதியும் இல்லை. ‘ஃபாத்தோ இன்ஃபெர்னோ’வில், நெஞ்சு நரகமாகிவிட்டது என்று கத்துகிறான். வாத்தியங்கள் குறுக்கே பாய்ந்து அவனை வாக்கியம் முடிக்க விடுவதில்லை. பிறகு திடீரென்று எல்லாம் அடங்கி, ‘பாஸ்தோரெல்லோ’ தொடங்குகிறது. தாலாட்டுபோல ஆடும் சிசிலியானா நடை. ஏழை மேய்ப்பன் ஒருவன் மர நிழலில் நிம்மதியாகத் தூங்குகிறான், ராஜாவான எனக்குப் பட்டிலும் பொன்னிலும் தூக்கம் வரவில்லை என்கிறான் வில்லன். கத்தலிலிருந்து இந்த அமைதிக்கு நகரும் இடத்தை வியாசோன் செய்வதைக் கேட்டால், இத்தனை நாள் இவரைப் பழித்தவர்கள் இந்தப் பாட்டு வரை வந்தார்களா என்றே தோன்றும். குரலைப் பாதியாகக் குறைத்து, அதிர்வை அடக்கி, சொற்களைக் கிட்டத்தட்டப் பேசுகிறார். தம்பிகூட இதில் வாயைத் திறக்கவில்லை. (அவன் ஒப்புக்கொள்ள மாட்டான்.)

எதிர்க்கட்சியின் இன்னொரு குற்றச்சாட்டையும் பார்த்துவிடுவோம். இந்த ஆரியாக்களில் முதல் பகுதி கடைசியில் திரும்ப வரும். திரும்பும்போது பாடகர் புதிய சங்கதிகள் போட வேண்டும், வெறுமனே மறுபடி பாடக் கூடாது. கர்நாடகக் கச்சேரி கேட்பவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். வியாசோனின் சங்கதிகள் எழுதி வைத்துப் பாடியவைபோல இருக்கின்றன என்கிறார்கள். உண்மைதான். அந்த நேரத்தில் தோன்றியதுபோல ஒலிக்கும் லாவகம் அவருக்கு இல்லை. பல வருடம் அதிலேயே ஊறியவர்களுக்குத்தான் அது வரும். மெக்ரீஷ் அவரை முடிந்தவரை தாங்குகிறார், வாத்தியக்காரர்கள் பிரமாதம், ஆனால் ஊறியதும் கற்றதும் காதுக்குத் தெரிந்துவிடுகிறது. 1708-இல் ரோமில் அரங்கேறிய ‘லா ரிசுரெசியோனே’ ஓரட்டோரியோவின் (பெரும்பாலும் சமயக் கதையைப் பாட்டாகச் சொல்லும் படைப்பு) பாடல்களும் ஆல்பத்தில் உண்டு. அவை டெனருக்கே எழுதியவைதான், நன்றாகவும் இருக்கின்றன, ஆனால் சண்டைக்கு உகந்தவை அல்ல.

இவரைக் கேட்டு ஆர்வம் வந்தால் அடுத்து எங்கே போவது? இயன் பாஸ்ட்ரிஜ் 2010-இல், பெர்னார் லபாதி நடத்த, இங்கிலிஷ் கன்சர்ட் குழுவுடன் மூன்று பரோக் டெனர்களின் பாடல்களை மட்டும் எடுத்து ஓர் ஆல்பம் செய்தார்: பொரோசினி, ஃபாப்ரி, ஜான் பியர்ட். யோசனை அபாரம், வியாசோன் ஆல்பத்தில் குழம்பிக் கிடப்பதை அது தெளிவாகப் பிரித்துக் காட்டுகிறது. ஆனால் பாஸ்ட்ரிஜின் குரல் மெலிந்தது, புத்திசாலித்தனம் கொஞ்சம் தூக்கல். பொரோசினி பாடல்களுக்கு எனக்கு வியாசோனே போதும். பேட்மோர் 2007-இல் ஆண்ட்ரூ மேன்ஸுடன் செய்த ஹாண்டல் ஆல்பம் என் தம்பியின் பரிந்துரை, ஆங்கிலப் பாடல்களுக்கு அதை மிஞ்ச ஆளில்லை என்பதை நானும் ஏற்கிறேன். கனமும் வேண்டும், பிருகாவும் வேண்டும் என்றால் மைக்கேல் ஸ்பைரஸ். 2023-இல் இல் பொமோ டோரோ குழுவுடன் வந்த அவருடைய ஆல்பத்தில், காஸ்ட்ராட்டோ காலத்தில் டெனர்கள் தங்களுக்கென்று என்ன வைத்திருந்தார்கள் என்று தேடிப் போகிறார். சில உச்ச ஸ்வரங்கள் சர்க்கஸ்போல இருக்கும், அது எனக்குப் பிடிக்கும்.

அப்புறம், பாஜசெட்டின் சாவை முழு ஓபராவாகவே பார்க்க வேண்டுமென்றால், 2008-இல் மாட்ரிட் தியேட்ரோ ரியாலில் பிளாசிடோ டொமிங்கோ நடித்த டமெர்லானோவின் காணொளி இருக்கிறது. அங்கேயும் நடத்துநர் மெக்ரீஷ்தான். பெரிய வெர்டி குரல்களை இந்த வேடத்துக்குள் அழைத்துவருவதில் அவருக்கு ஒரு பிடிவாதம்போல. டொமிங்கோவுக்கு அப்போது அறுபது வயதைத் தாண்டிவிட்டது, பிருகாக்கள் தடுமாறும், கடைசிக் காட்சியில் அது ஒரு பொருட்டாகவே தெரியாது. படம் ரொம்ப நீளம், ஒரே மூச்சில் உட்கார வேண்டாம். வியாசோன் ஆல்பத்துக்கு என் வரிசை: ரோடெலிண்டா இரண்டும் முதலில், அடுத்து டமெர்லானோ, பிறகு ஓம்ப்ரா. அரியோதாந்தேயைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள், அதுவும் ஓட்டர் பாடியதைக் கேட்டதற்கு அப்புறம்.