சாக்கடலில் அம்மா இறங்கலாமா?

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 61. 14 ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை சாப்பிடுகிறார். முழங்கையிலும் முழங்காலிலும் சொரியாசிஸ் படை இருக்கிறது. வரும் அக்டோபரில் எங்கள் சபையாருடன் எருசலேம் பயணம் செல்கிறோம். சாக்கடலில் மிதந்து அந்தச் சேற்றைப் பூசிக்கொண்டால் படை போய்விடும் என்கிறார்கள். அம்மாவுக்கு நீச்சல் தெரியாது. அவ்வளவு உப்பு உடலில் ஏறி இரத்த அழுத்தத்தைக் கூட்டிவிடாதா? (வாசகர், தூத்துக்குடி)

பதில்: உப்பைப் பற்றிய அச்சத்தை முதலில் விட்டுவிடுங்கள். காயமில்லாத தோலின் வழியே பத்து நிமிடத்தில் உள்ளே போகும் உப்பு, இரத்த அழுத்தத்தைக் கூட்டும் அளவுக்கு இருக்காது. கவலைப்பட வேண்டியவை வாயும் கண்ணும் பாதமும்தான்.

வேதாகமம் உப்புக்கடல் என்று குறிப்பிடும் இந்த ஏரி, கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 430 மீட்டர் கீழே கிடக்கிறது. சாதாரணக் கடல்நீர் ஒரு கிலோவில் 35 கிராம் உப்பு இருக்குமென்றால், இங்கே சுமார் 340 கிராம் இருக்கிறது. அதிலும் நாம் சமையலில் போடும் சோடியம் குளோரைடைவிட மெக்னீசியம் குளோரைடே மிகுதி. நீர் அவ்வளவு கனமாக இருப்பதால் நீச்சல் தெரியாதவரும் மல்லாந்து மிதப்பார். ஆனால் "இங்கே யாரும் மூழ்க மாட்டார்கள்" என்று சொல்லிக் கூட்டத்தை இறக்கிவிடுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். தடுமாறிக் குப்புறக் கவிழ்ந்தவரை அதே நீர் கவிழ்ந்தபடியே மிதக்க வைக்கும்; கால் மேலெழும்பிவிடுவதால் திரும்பி நிமிர்வது வயதானவர்களுக்கு எளிதன்று. அந்த நேரத்தில் சில மடக்கு விழுங்கினாலே இரத்தத்தில் மெக்னீசியமும் கால்சியமும் திடீரென உயர்ந்து இதயத் துடிப்பின் ஒழுங்கு கெடலாம். நுரையீரலுக்குள் போனால் மூச்சுத் திணறல் ஏற்படும். ஆகவே யாராவது விழுங்கிவிட்டால், வாந்தி எடுத்தபின் சரியாகிவிட்டது என்று விட்டுவிடாமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். மிகையான மெக்னீசியத்தை வெளியேற்றுவது சிறுநீரகம் என்பதால், நீண்டகாலச் சர்க்கரை நோயாளியான உங்கள் அம்மாவுக்குப் புறப்படுமுன் கிரியாட்டினின் பரிசோதனை செய்து பாருங்கள். சிறுநீரகம் தளர்ந்திருந்தால் கரையில் அமர்ந்து கையை நனைத்துக்கொள்வதோடு நிறுத்திக்கொள்ளச் சொல்வேன்.

இறங்கலாம் என்றால், நீங்கள் பக்கத்தில் நிற்க, அம்மா கரையைப் பார்த்தபடி பின்னோக்கி நடந்து, நீர் முழங்காலுக்கு மேல் வந்ததும் நாற்காலியில் உட்காருவதுபோல் மெல்ல உட்கார்ந்து சாய வேண்டும். எழும்போது முழங்காலை மார்போடு சேர்த்து, பாதத்தைத் தரையில் ஊன்றிய பிறகே நிமிர வேண்டும். முகத்தை நனைக்கக் கூடாது. ஈரக் கையால் கண்ணைத் தொடவும் கூடாது. ஒரு பாட்டில் நல்ல தண்ணீரை நீங்கள் கையிலேயே வைத்திருங்கள், கண்ணில் ஒரு துளி தெறித்தாலும் உடனே கழுவுவதற்கு. பத்து நிமிடம் போதும். வெயிலும் வெதுவெதுப்பான நீரும் இரத்தக் குழாய்களை விரியச் செய்வதால், அழுத்த மாத்திரை சாப்பிடுபவர்களுக்குச் சட்டென்று எழும்போது தலைசுற்றும். காலை மாத்திரையை அதற்காக நிறுத்த வேண்டாம். நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்லுங்கள். சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொண்டு வெறும் வயிற்றில் இறங்கவும் வேண்டாம்.

பாதத்தைப் பற்றித் தூத்துக்குடிக்காரரான உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. உப்பளப் பாத்தியில் நிற்பவர்களின் குதிகால் வெடிப்பில் உப்பு ஏறினால் என்ன ஆகும் என்று பார்த்திருப்பீர்கள். சாக்கடலின் அடியில் உப்பு, கண்ணாடிச் சில்லுபோல் கட்டிகட்டியாக உறைந்திருக்கும். உணர்வுள்ள கால் எரிச்சலால் எச்சரிக்கும். சர்க்கரையால் மரத்துப்போன கால் எதையும் சொல்லாது. அங்கே போய்வந்த என் நோயாளி ஒருவர், விடுதி அறையில் வெள்ளைத் துண்டில் சிவப்பைப் பார்த்த பிறகுதான் தன் பெருவிரல் கிழிந்திருந்ததை அறிந்தார். எனவே பின்பட்டை உள்ள ரப்பர் செருப்பைக் கழற்றாமலேயே இறங்க வேண்டும். பாதத்தில் புண்ணோ ஆழமான வெடிப்போ இருந்தால் இறங்கவே வேண்டாம்.

இனி சொரியாசிஸ். சாக்கடல் கரையில் உள்ள எய்ன் போகெக் போன்ற ஊர்களில் இந்நோய்க்குச் சிகிச்சை அளிப்பது உண்மைதான்; பலருக்குப் படை நன்றாக அடங்குவதும் உண்மை. ஆனால் அங்கே நோயாளிகள் ஏறத்தாழ நான்கு வாரம் தங்கி, மருத்துவர் குறித்த அளவில் நாள்தோறும் வெயில் காய்கிறார்கள். அவ்வளவு தாழ்வான இடத்தில் சூரியக் கதிர்கள் கூடுதலான காற்றைக் கடந்து வருவதால், தோலைச் சுட்டெரிக்கும் கதிர்கள் சற்று வடிகட்டப்படுகின்றன. பலனில் பெரும்பங்கு அந்த வெயிலுக்குரியது. பேருந்து ஒரு மணி நேரம் நிற்கும் பயணத்தில் அதை எதிர்பார்க்க முடியாது. அடங்கினாலும் சில மாதங்களில் திரும்பும் நோய் இது. பூசிவரும் களிம்பை நிறுத்திவிட்டுச் சேற்றை நம்புவது தவறு.

கருஞ்சேற்றை ஆசைக்குப் பூசிப் பார்க்கலாம். வெடிப்போ கசிவோ இல்லாத இடத்தில் மெல்லிதாகப் பூசி, பதினைந்து நிமிடத்துக்குள் நல்ல தண்ணீரில் கழுவிவிட வேண்டும். சூடாக்கிய சேற்றுப் பற்று போடுவதாக யாராவது அழைத்தால் மறுத்துவிடுங்கள். மரத்த காலில் அது கொப்புளமாகும் வரை அம்மாவுக்குத் தெரியாது.

கரையேறியதும் நல்ல நீரில் குளித்து, விரல் இடுக்குகளை ஒற்றித் துடைத்துக்கொள்ளட்டும். அன்றிரவு விளக்கடியில் அம்மாவின் உள்ளங்காலை நீங்களே பாருங்கள். சிறு கீறல் தென்பட்டாலும் சுத்தமான நீரில் கழுவிக் கட்டுப் போட்டுவிட்டு, மறுநாள் எருசலேமில் சிலுவைப் பாதையை நடந்து கடக்கும் நிகழ்ச்சி இருந்தால் அதற்குச் சக்கர நாற்காலி கிடைக்குமா என்று வழிகாட்டியிடம் அன்றைக்கே கேட்டுவிடுங்கள்.