பாக்கெட் கசிகிறதா? மெஷின் பக்கத்தில் போய் நில்லுங்கள்

கேள்வி: டர்பனில் மசாலா பாக்கெட் போடும் ஒரு சிறிய தொழிற்கூடத்தில் சூப்பர்வைசராக இருக்கிறேன். ஓரம் பிரிந்து தூள் கொட்டுகிறது என்று கடைக்காரர்கள் சரக்கைத் திருப்பி அனுப்புகிறார்கள். மெக்கானிக், பாக்கெட் செய்யும் ஃபிலிம் ரோலைக் குறை சொல்கிறார், ரோல் விற்றவர் மெஷினைப் பார்க்கச் சொல்கிறார். கூட்டம் போட்டும் பலனில்லை. என்ன செய்யலாம்?

பதில்: இன்னொரு கூட்டம் வேண்டாம். முதலில் திரும்பி வந்த பாக்கெட்டுகளில் சிலவற்றை எடுத்து, ஓரத்தில் ஒட்டியிருக்கும் சீல் பட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பட்டைக்குள் தூள் சிக்கியிருந்தால், தூள் விழுந்து அடங்குவதற்குள் சீல் தாடை (ஓரத்தைச் சூட்டோடு அழுத்தி ஒட்டும் பாகம்) மூடிவிடுகிறது என்று சந்தேகிக்கலாம். பட்டை சுத்தமாக இருந்தும் லேசாக இழுத்ததுமே பிரிந்தால் சூடோ அழுத்தமோ போதாமல் இருக்கலாம். சுருங்கிக் கருகியிருந்தால் சூடு அதிகம். மிளகாய்த்தூள் பாக்கெட் மட்டும் கசிந்து, முழுச் சீரகம் கசியாமல் இருக்கிறதா? அப்படியென்றால் ரோலை விட்டுவிட்டுத் தூளைத்தான் முதலில் கவனிக்க வேண்டும்.

அப்புறம் மெஷினுக்குப் போங்கள். உங்கள் ஊர் புராஸ்பெக்டனிலும் ஆலை வைத்திருக்கும் டொயோட்டாவில், அதன் உற்பத்தி முறையை உருவாக்கிய தாயிச்சி ஓனோ தரையில் சாக்பீஸால் வட்டம் போட்டு, அதற்குள் ஆட்களை மணிக்கணக்கில் நிறுத்திக் கவனிக்க வைப்பார் என்பார்கள். உங்களுக்கு வட்டமெல்லாம் தேவையில்லை, ஆனால் பத்து நிமிடம் எட்டிப் பார்ப்பதும் போதாது. காலையில் ஓட்டம் தொடங்கும்போது, ரோல் மாற்றும்போது, டீ இடைவேளை முடிந்ததும், கரண்ட் போய் வந்ததும் அங்கே இருங்கள். தாடை சரியாகச் சூடேறுவதற்குள் ஓடிய பாக்கெட்டுகளும் நல்லவற்றோடு சேர்ந்து பெட்டிக்குள் போகலாம்.

மெஷினைவிட ஓட்டுபவரின் கைகளைப் பாருங்கள். யாராவது அடிக்கடி துணியால் தாடையைத் துடைக்கிறாரா? யாரும் சொல்லாமலே அவர் கோளாறைச் சமாளித்துக்கொண்டிருக்கிறார். அவரிடம் ஏன் என்று கேட்பதைவிட, செய்து காட்டச் சொல்லுங்கள். ஜூலு பேசுபவர்களோடு உங்களுக்கு மொழி தடுக்கினாலும் இது நடக்கும்.

ஒரு எச்சரிக்கை: கையில் நோட்டும் வாட்சுமாகத் திடீரென்று நின்றால், டிசிப்ளினரி ஹியரிங்குக்கு (ஒழுங்கு நடவடிக்கை விசாரணைக்கு) ஆள் தேடுகிறார் என்றுதான் நினைப்பார்கள். துடைக்கிற துணி உடனே மறைந்துவிடும்! முந்தின நாளே ஷாப் ஸ்டூவர்டிடம் (தொழிலாளர்களின் சங்கப் பிரதிநிதியிடம்) விஷயத்தைச் சொல்லிவிடுங்கள்.

காரணம் பிடிபட்டதும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். சூட்டையும் வேகத்தையும் சேர்த்து மாற்றினால் எது பலித்தது என்று தெரியாது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் பிறகு சில பாக்கெட்டுகளை வாளித் தண்ணீரில் அமுக்கிப் பாருங்கள். குமிழி வரும் இடத்தில்தான் ஓட்டை.