எம்பி4/4 காரை வடிவமைத்தது யார்?
ஃபார்முலா 1 காரின் பெருமை முழுவதும் அணியின் தொழில்நுட்பத் துறையை நடத்தும் டெக்னிக்கல் டைரக்டருக்கே சேருமா என்று கேட்டிருக்கிறீர்கள். சேராது. 1988-ல் 16 பந்தயங்களில் 15-ஐ வென்ற, மெக்லாரன் அணியின் எம்பி4/4 காரைப் பாருங்கள். டெக்னிக்கல் டைரக்டர் கோர்டன் மர்ரே. காரின் தலைமை வடிவமைப்பாளர் ஸ்டீவ் நிக்கல்ஸ்.

ஓட்டுநர் கிட்டத்தட்டப் படுத்தபடி ஓட்டும் அந்தத் தாழ்வான அமைப்பு, 1986-ல் பிராபம் அணிக்காகத் தான் வடிவமைத்த பிடி55 காரிலிருந்து வந்தது என்கிறார் மர்ரே. நிக்கல்ஸ் அதை அடியோடு மறுக்கிறார். 1988-ம் ஆண்டு விதி டர்போ எஞ்சின் கார்களின் எரிபொருள் அளவை 195 லிட்டரிலிருந்து 150 ஆகக் குறைத்தது, டாங்க் சிறிதானது. ஹோண்டா எஞ்சினும் தாழ்வாக உட்கார்ந்தது. அப்புறம் காரைத் தாழ்த்துவது இயல்பான அடுத்த படிதானே?

துறையை நடத்தியதற்கான பெருமை மர்ரேக்கு உண்டு. ஆனால் வடிவமைப்பாளர் என்ற பெயர் நிக்கல்ஸுக்கும் அவர் குழுவுக்குமே சேர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.