அழைக்கப்படாதவர் எங்கே போவார்?

கேள்வி: நானும் என் அண்ணனும் பள்ளிக் காலம் முதல் ஒரே இங்கிலிஷ் கிளப்பின் ரசிகர்கள். ஒரு நாட்டின் தேசியக் காற்பந்துக் குழுவை நடத்திய முன்னாள் நிர்வாகி ஒருவர் இப்போது எங்கள் கிளப்புக்கு வந்திருக்கிறார். அந்த நாட்டை உலகக் கிண்ண அரையிறுதிவரை கொண்டுசென்றவர் என்பதால் நிச்சயம் வெல்வார் என்கிறேன் நான். தேசியக் குழுவை நடத்தியவருக்குக் கிளப் வேலை ஒத்துவராது, கிறிஸ்துமசுக்குள் வெளியேறிவிடுவார் என்கிறார் அண்ணன். பேச்சு முற்றி இருவருமே குரலை உயர்த்திவிட்டோம். புதிய பருவத்தின் முதல் ஆட்டத்தைப் பார்க்க வழக்கம்போல் எல்லாரையும் செங்காங்கில் இருக்கும் என் வீட்டுக்கு அழைத்தேன். அண்ணனை இம்முறை அழைக்கவில்லை. அவர் அம்மாவுடன் ஈசூனில் இருக்கிறார். இப்படிப்பட்ட ஒரு நிர்வாகி கிளப்பில் வெல்வாரா என்பதை எப்படிக் கணிப்பது? எங்களில் யார் சொல்வது சரி?

— செங்காங் வாசகர், வயது 41

பதில்: இருவர் சொல்வதும் சரியில்லை. நீங்கள் அவர் வென்ற ஆட்டங்களை எண்ணுகிறீர்கள். உங்கள் அண்ணன் அவர் வகித்த பதவியின் பெயரை வைத்தே தீர்ப்பு எழுதிவிடுகிறார். உங்கள் கடிதத்தில் இந்தக் கணிப்புக்கு உண்மையிலேயே உதவக்கூடிய வாக்கியம் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. அதை நீங்கள் மற்ற வாக்கியங்களுக்கு நடுவே பதுக்கி வைத்திருக்கிறீர்கள்: “அண்ணனை இம்முறை அழைக்கவில்லை.” அதற்குப் பிறகு வருகிறேன்.

உலகக் கிண்ணத்தை அளவுகோலாக எடுத்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். 2002ஆம் ஆண்டு பிரேசிலுக்கு அந்தக் கிண்ணத்தையே வென்று தந்த லூயிஸ் ஃபெலிப்பே ஸ்கொலாரி, 2008 ஜூலையில் இங்கிலாந்தின் செல்சி கிளப்புக்கு வந்து 2009 பிப்ரவரியில் நீக்கப்பட்டார். 2006இல் ஜெர்மனிக்கு மூன்றாம் இடம் பெற்றுத் தந்த யூர்கன் கிளின்ஸ்மன், அதே 2008 ஜூலையில் பயர்ன் மியூனிக்கில் பொறுப்பேற்று, மறு ஏப்ரலில் நீக்கப்பட்டார். இதைப் படித்ததும் உங்கள் அண்ணன் மேசையைத் தட்டுவார் என்று தெரியும், அவசரப்பட வேண்டாம். இங்கிலாந்தை 2008 ஐரோப்பியக் கிண்ணத்துக்குத் தகுதிபெறச் செய்ய முடியாமல், வெம்ப்ளியில் மழைக்குக் குடை பிடித்து நின்று ஊர்ச் சிரிப்புக்கு ஆளான ஸ்டீவ் மெக்லாரன், 2010இல் நெதர்லாந்தின் ட்வென்ட்டே கிளப்புக்கு லீக் பட்டம் வாங்கித் தந்தார். ஹான்சி ஃபிளிக்கின் ஜெர்மனி 2022 உலகக் கிண்ணத்தில் முதல் சுற்றைத் தாண்டவில்லை. 2023 செப்டம்பரில் ஜப்பானிடம் 4-1 என்று தோற்றதும் அவர் நீக்கப்பட்டார். அவரே 2024–25 பருவத்தில் பார்சிலோனாவுக்கு ஸ்பானிய லீக்கையும் மன்னர் கிண்ணத்தையும் சேர்த்தே பெற்றுத் தந்தார். ஆகவே அரையிறுதி என்பது உங்களுக்கும் உதவாது, ‘தேசியக் குழுக்காரர்’ என்ற முத்திரை அண்ணனுக்கும் உதவாது.

இரண்டு வேலைகளுக்கும் உள்ள வேறுபாடு எங்கே இருக்கிறது? எல்லாரும் சொல்வது நாள் கணக்கு: தேசிய நிர்வாகிக்கு ஆண்டில் சில வாரங்களே வீரர்கள் கிடைப்பார்கள், கிளப் நிர்வாகிக்குத் தினமும் கிடைப்பார்கள். அது சரிதான், ஆனால் அதைவிடப் பெரிய வேறுபாடு ஒன்று பேசப்படாமலே போகிறது. தேசிய நிர்வாகிக்கு ஒருவரைப் பிடிக்கவில்லை என்றால் அவர் செய்ய வேண்டியது எதுவுமே இல்லை. அடுத்த பட்டியலில் அந்தப் பெயரை எழுதாமல் விட்டால் போதும். விடுபட்டவர் தம் கிளப்பில் தம் பாட்டுக்கு விளையாடிக்கொண்டிருப்பார். அவருடைய முகத்தில் நிர்வாகி விழிக்க வேண்டியதே இல்லை. கிளப்பில் அப்படி முடியாது. சனிக்கிழமை ஒதுக்கப்பட்டவர் திங்கட்கிழமை காலையில் பயிற்சித் திடலில் வந்து நிற்பார். அவருக்கு ஒப்பந்தம் இருக்கிறது, சம்பளம் இருக்கிறது, உடைமாற்றும் அறையில் நண்பர்கள் இருக்கிறார்கள், மனத்தாங்கலும் இருக்கிறது. அந்த மனிதரோடு வாரக்கணக்கில் ஒரே இடத்தில் இருந்து, தேவைப்படும் நாளில் அவரை மனமுவந்து ஓட வைப்பதுதான் கிளப் நிர்வாகியின் வேலையில் பாதி.

ஸ்கொலாரி போனபின் செல்சியில் நடந்ததைப் பாருங்கள். அவருக்குப் பதிலாகப் பருவம் முடியும்வரை வந்த குஸ் ஹிட்டிங்கும் தேசிய நிர்வாகிதான். அப்போது ரஷ்யக் குழுவையும் சேர்த்தே நடத்திக்கொண்டிருந்தார். ஆட்கள் ஸ்கொலாரியிடம் இருந்த அதே ஆட்கள்தான். ஸ்கொலாரியின் காலத்தில் ஓரங்கட்டப்பட்டிருந்த டிடியே ட்ரோக்பா, அந்த மே மாதம் எவர்ட்டனுக்கு எதிரான எஃப்ஏ கிண்ண இறுதியாட்டத்தில் கோல் போட்டார்; செல்சி 2-1 என்று வென்றது. ஒதுக்கப்பட்டவரை மீண்டும் அழைக்கத் தெரிந்தவர் கிண்ணத்தோடு போனார்.

எதிர்மாறான கதையும் அதே கிளப்பில் கிடைக்கிறது. இத்தாலியத் தேசியக் குழுவிலிருந்து 2016இல் வந்த அண்டோனியோ கான்டே, முதல் பருவத்திலேயே 30 வெற்றிகளோடு பிரிமியர் லீக் பட்டத்தை வென்றார். அவருக்கு முன்பே யுவென்டசில் தொடர்ந்து மூன்று லீக் பட்டங்கள் வென்ற அனுபவம் இருந்தது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். கடைசியாகக் கிளப் நடத்தி எத்தனை ஆண்டுகள் ஆயிற்று என்ற கேள்வி உலகக் கிண்ணக் கணக்கைவிட முக்கியமானது. அந்தப் பட்டத்துக்கு லீக்கில் 20 கோல் போட்டுக் கொடுத்தவர் டியேகோ கோஸ்டா. பட்டம் வென்ற அடுத்த மாதமே, அடுத்த பருவத் திட்டத்தில் உமக்கு இடமில்லை என்று அவருக்குக் கான்டேயிடமிருந்து கைப்பேசியில் குறுஞ்செய்தி போனது. அவர் அதை வெளியே சொன்னார், தாம் பிறந்த பிரேசிலிலேயே தங்கிவிட்டார், வாரக்கணக்கில் அதுவே செய்தியாக ஓடியது. அந்த 2017–18 பருவத்தில் செல்சி ஐந்தாம் இடத்தில் முடித்தது. எஃப்ஏ கிண்ணத்தை வென்றும் 2018 ஜூலையில் கான்டே நீக்கப்பட்டார். அந்த ஒரு குறுஞ்செய்தியால்தான் எல்லாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அது தேசிய நிர்வாகியின் பழக்கம்: பட்டியலில் பெயரை விட்டுவிட்டால் ஆள் மறைந்துவிடுவார் என்ற நினைப்பு.

அதே 2017 செப்டம்பரில் ராய் ஹாட்ஜ்சன் கிறிஸ்டல் பேலஸ் கிளப்புக்கு வந்தார். 2016 ஐரோப்பியக் கிண்ணத்தில் ஐஸ்லாந்திடம் தோற்ற இங்கிலாந்தின் நிர்வாகி என்று அவரை எள்ளி நகையாடாதவர்கள் குறைவு. அவர் வரும்போது வீரர்களை வாங்கும் காலம் முடிந்துவிட்டிருந்தது. குழு நான்கு லீக் ஆட்டங்களில் ஒரு கோல்கூடப் போடாமல் தோற்றிருந்தது. அவர் வந்தபின்னும் மூன்று ஆட்டங்கள் அப்படியே போயின. எட்டாவது ஆட்டத்தில், நடப்பு வெற்றியாளரான கான்டேயின் செல்சியையே 2-1 என்று வீழ்த்தினார்கள். பருவத்தை 11ஆம் இடத்தில் முடித்தார்கள். யாரும் பாடி வைக்காத சாதனை அது, என் மதிப்பீட்டில் அரையிறுதியைவிடக் கடினமானது.

ஓர் இடைச்செருகல். சிங்கப்பூரில் உட்கார்ந்துகொண்டு இங்கிலாந்தை மட்டுமே பார்ப்பவர்கள் மீது எனக்குக் கோபம் உண்டு. நம் தேசியக் குழுவை 2021இல் நடந்த தென்கிழக்காசிய சுசுகி கிண்ண அரையிறுதிவரை நடத்திய தட்சுமா யொஷிடா, இங்கிருந்து ஜப்பானின் இரண்டாம் பிரிவுக் கிளப்பான வென்ட்ஃபோரே கொஃபுவுக்குத் திரும்பினார். 2022இல் அந்தச் சிறிய கிளப், முதல் பிரிவுக் கிளப்புகளும் மோதும் பேரரசர் கிண்ணத்தையே வென்றது. அதே பருவத்தில் இரண்டாம் பிரிவு லீக்கில் 22 குழுக்களில் 18ஆம் இடத்தில் முடிந்தது. அவர் வென்றாரா, தோற்றாரா? நீங்களும் அண்ணனும் சண்டைபோட வேண்டுமென்றால் இதற்காகப் போட்டிருக்கலாம், விஷயமாவது இருந்திருக்கும்.

சரி, இப்போது உங்கள் வாக்கியம். 41 வயதில் நீங்கள் செய்திருப்பது தேசிய நிர்வாகியின் வேலை. உங்களுக்கு முன்னால் பிறந்த ஒருவர் எதிர்த்துப் பேசினார் என்பதற்காகப் பட்டியலில் பெயரை எழுதாமல் விட்டிருக்கிறீர்கள், அதை ஒரு செயலாகக்கூட நீங்கள் கருதவில்லை. குடும்பம் ஒரு கிளப், தம்பி. அண்ணன் எங்கும் போய்விடவில்லை. தீபாவளிக்கு எதிரே உட்காருவார், அம்மாவை மருத்துவமனைக்கு யார் அழைத்துப்போவது என்ற பேச்சு வரும்போது தொலைபேசியின் மறுமுனையில் இருப்பார். அம்மா அவரோடு இருக்கிறார் என்று வேறு, முகவரி சொல்வதுபோல எழுதியிருக்கிறீர்கள். தினமும் அம்மாவைப் பார்த்துக்கொள்கிற ஒருவரை, அவருடைய கணிப்பு உங்களுக்குப் பிடிக்கவில்லை என்று ஒதுக்க உங்களுக்கு என்ன உரிமை? மூத்தவரை அழைத்து உட்காரவைத்துவிட்டு அதன்பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் சண்டை போடலாம் என்பது என் கொள்கை. இதைப் பழைய காலத்துப் பேச்சு என்பவர்கள் அப்படியே வைத்துக்கொள்ளட்டும்.

உங்கள் நிர்வாகியைப் பற்றிக் கேட்டீர்கள். தேசியப் பொறுப்புக்கு முன் அவர் கிளப் நடத்தியிருக்கிறாரா, எப்போது, அங்கிருந்து எப்படி வெளியேறினார் என்று முதலில் தேடிப் பாருங்கள். அதன்பின் கோல்களை விட்டுவிட்டு மாற்று வீரர்களின் இருக்கையைக் கவனியுங்கள். முதல் பத்து ஆட்டங்களில் இடம் கிடைக்காதவர்களின் பெயர்களை ஒரு தாளில் எழுதி வையுங்கள். டிசம்பர் பிற்பகுதியில் சில நாள்களுக்கு ஓர் ஆட்டம் என்று நெருக்கும்போது, பிரிமியர் லீக்கில் எந்தக் குழுவும் பதினொரு பேரை மட்டும் நம்பி ஓட முடியாது. அப்போது அந்தத் தாளில் உள்ளவர்கள் களத்தில் இறங்கி உயிரைக் கொடுத்து ஆடினால் அவர் நிலைப்பார். சும்மா நடந்தால், அல்லது ஜனவரியில் வரிசையாக வெளியேறக் கேட்டால், உங்கள் அண்ணன் சொன்னது நடக்கும், காரணம் மட்டும் வேறாக இருக்கும்.

இரண்டு பேர் சேர்ந்து பார்த்தால் அந்தத் தாள் சரியாக இருக்கும். அடுத்த சனிக்கிழமை இரவு 10 மணி ஆட்டத்துக்கு அண்ணனை அழையுங்கள். குறுஞ்செய்தி வேண்டாம், ஈசூனுக்கு நேரில் போய் அழையுங்கள். அந்நேரத்துக்கு அம்மா வெளியே கிளம்ப முடியாது என்றால், உங்கள் நண்பர்களை வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு நீங்கள் அங்கே போய் உட்காருங்கள்.