புராஸ்டேட் எங்கே இருக்கிறது, எப்படி அடைக்கிறது? கேள்வி பதில்

கேள்வி: ஸ்கேனில் என் அப்பாவின் புராஸ்டேட் 58 கிராம், சிறுநீர் தாராளமாகப் போகிறது. பக்கத்து வீட்டுக்காரருக்கு 32 கிராம்தான். அவருக்குக் குழாய் போட்டிருக்கிறார்கள். இது எப்படி?

பதில்: புராஸ்டேட் ஆண்களுக்கு உள்ள ஒரு சுரப்பி. அது சிறுநீர்ப்பையின் கழுத்துக்குக் கீழே, மலக்குடலுக்கு முன்னால் இருக்கிறது, இளவயதில் சுமார் 20 கிராம் எடை. சிறுநீர்க்குழாய் ஏறத்தாழ 3 செ.மீ. தூரம் இதன் உள்ளேதான் செல்கிறது. அக்குழாயை ஒட்டிய இடைமாறு மண்டலம் இளவயதில் சுரப்பித் திசுவில் 5 சதவீதம்தான் என்றாலும், முதுமையில் வரும் சாதாரண வீக்கம் பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது. அது வெளிப்பக்கமாகப் பெருத்தால் எடை கூடும், வழி அடைபடாது. சிறுநீர்ப்பையின் வாயை நோக்கிப் பெருத்தால் கொஞ்சம் வளர்ந்தாலே அடைத்துவிடும். ஆகவே கிராம் எண்ணை மட்டும் வைத்துப் பயப்படவும் வேண்டாம், நிம்மதியடையவும் வேண்டாம்.

அடைப்பில் சுரப்பியிலும் சிறுநீர்ப்பையின் கழுத்திலும் உள்ள தசைக்கும் பங்குண்டு. டாம்சுலோசின் என்ற மருந்து அந்தத் தசையைத் தளர்த்துவதால், சுரப்பி சிறுக்காமலேயே சில நாட்களில் சிறுநீர் இலகுவாகப் போகிறது. மூக்கடைப்பைப் போக்கும் சில சளி மாத்திரைகள் அதே தசையை இறுக்குகின்றன; பகலில் அதை விழுங்கிய பெரியவர் இரவில் சொட்டுக்கூடப் போகாமல் தவிப்பதுண்டு. மருந்துக்கடையில் புராஸ்டேட் வீக்கம் இருப்பதை முதலில் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: ஸ்கேன் இருக்கும்போது ஆசனவாய் வழியாக விரலால் ஏன் பார்க்கிறார்கள்?

பதில்: புராஸ்டேட் புற்றுநோய்களில் ஏறத்தாழ 70 சதவீதம் புறமண்டலத்தில், அதாவது மலக்குடலை நோக்கிய பின்புறப் பகுதியில், தொடங்குகிறது. அதற்கும் மலக்குடலுக்கும் நடுவே 1836-இல் டெனோன்வில்லியே விவரித்த மெல்லிய சவ்வு இருக்கிறது. அதனால் பின்புறத்துக் கடினமான முடிச்சு விரலுக்குத் தட்டுப்படும். முன்பகுதி விரலுக்கு எட்டாது என்பதால், விரல் சோதனையில் ஒன்றுமில்லை என்பதே முடிவான பதிலாகாது.

கேள்வி: எனக்கு 46 கிராம். ஆபத்தா?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி (ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர்): நாங்கள் படித்தது ஐந்து மடல்கள். நீங்கள் மண்டலம் என்கிறீர்களே?

பதில்: ஐயா, அந்த ஐந்து மடல்கள் 1912-இல் லௌஸ்லி கருவளர்ச்சியை ஆராய்ந்து சொன்னவை. வளர்ந்தவரின் சுரப்பியை அறுத்துப் பார்த்தால் அவற்றுக்கு எல்லைக்கோடு தென்படுவதில்லை. நோயியல் மருத்துவர் மக்னீல் 1960-களிலிருந்து, வழக்கமான குறுக்குவெட்டோடு நில்லாமல் வேறு தளங்களிலும் வெட்டிப் பார்த்து, மண்டலங்களைப் பிரித்துக் காட்டினார். ஸ்கேன் அறிக்கையில் வரும் ‘நடு மடல்’ என்பது சிறுநீர்ப்பைக்குள் எட்டிப்பார்க்கும் வீக்கத்துக்கான வழக்குச்சொல். அந்த அளவில் பயனுள்ளதுதான்.

மறுகேள்வி: கருவில் கண்ட மடல்களை ஏற்கவில்லை என்றால், ஆண்குறி விறைப்புக்கான நரம்புகளின் பாதையையும் சிறுநீரியல் மருத்துவர் டொங்கர் இறந்து பிறந்த குழந்தையின் உடலில்தானே காட்டினார்? அதை மட்டும் ஏற்கலாமா?

பதில்: நல்ல பிடி. 1981-இல் நெதர்லாந்தின் லெய்டனில் அவர் அமெரிக்க அறுவை மருத்துவர் வால்ஷுக்குக் காட்டியது அப்படிப்பட்ட உடலில்தான்; பெரியவர்களின் உடலில் கொழுப்பும் நார்த்திசுவும் மறைக்கும் நரம்பு அங்கே தெளிவாகத் தெரியும். ஆனால் சுரப்பியின் பின்பக்க ஓரங்களை ஒட்டி அந்த நரம்புகள் போகின்றன என்பது அத்தோடு நிற்கவில்லை. 1982-இல் வால்ஷ் வளர்ந்த ஒருவருக்கு அவற்றைக் காப்பாற்றிப் புராஸ்டேட்டை அகற்றும் அறுவை செய்தார், அவருக்கு விறைப்பும் திரும்பியது. கருவில் கண்டதை வளர்ந்த உடலில் சரிபார்த்தபோது நரம்பு தேறியது, மடல் தேறவில்லை.

கேள்வி: 62 கிராம். ஆபரேஷன் உண்டா?

பதில்: மறுபடியும் கிராம். இரவில் எத்தனை முறை எழுகிறீர்கள், போன பிறகு பையில் எவ்வளவு தங்குகிறது என்பதை எழுதுங்கள், அதன்பின் பேசலாம்.

கேள்வி: விதையில் வலியில்லாத கட்டி. இதுவும் புராஸ்டேட்டா?

பதில்: இல்லை. இந்த வாரமே சிறுநீரியல் மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: புராஸ்டேட் வீக்கத்துக்கான ஃபினாஸ்டரைடு மாத்திரையை ஓராண்டு சாப்பிட்டதில், புராஸ்டேட் புற்றுநோயைச் சந்தேகிக்க உதவும் இரத்தச் சோதனையான பி.எஸ்.ஏ. 6-இலிருந்து 3 ஆகிவிட்டது. பயம் தீர்ந்ததா?

பதில்: அந்த மாத்திரையே பி.எஸ்.ஏ. அளவை ஏறத்தாழப் பாதியாக்கிவிடும். உங்கள் 3-ஐ இரட்டித்துத்தான் பழைய எண்ணோடு ஒப்பிட வேண்டும்; அப்படிப் பார்த்தால் எதுவும் குறையவில்லை. அறிக்கையைப் பார்க்கும் மருத்துவரிடம் மாத்திரையின் பெயரைச் சொல்ல மறக்காதீர்கள்.